ஏரிக்கரையில் ஒரு கலாசாலை

எஞ்சினீயருக்கு முதல் ஆசான் யார் என்று கேட்டால், ஜலம் என்றே சொல்ல வேண்டும். கணக்கில் பிழை செய்தால் வாத்தியார் மார்க்கைக் குறைப்பார். ஜலமோ கரையையே கொண்டு போய்விடும். நமது தேசத்தின் சரித்திரமும் இதற்குச் சாட்சி. 1847-ல் ரூர்க்கியில் எஞ்சினீயரிங் கலாசாலை ஏற்பட்டதற்கு முக்கிய காரணம், அப்போது வெட்டப்பட்டு வந்த கங்கைக் கால்வாய்க்குத் தேர்ந்த ஆட்கள் வேண்டியிருந்ததுதான். 1854-ல் கால்வாய் திறக்கப்பட்டது. அந்தக் கலாசாலையே 2001 முதல் ஐ.ஐ.டி.யாக விளங்குகிறது.

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களிலும் இன்று எஞ்சினீயரிங் கலாசாலைகள் உண்டு, ஏரிகளும் உண்டு. இரண்டுக்கும் உறவுதான் போதாது. ரூர்க்கிக்குக் கங்கைக் கால்வாய் என்றால் நமக்குச் சோழ கங்கம் இருக்கிறது. கங்கை வரை சென்ற படையெடுப்பின் வெற்றிச் சின்னமாக முதலாம் ராஜேந்திரன் கங்கைகொண்டசோழபுரத்தில் அமைத்த அந்த ஏரியை, ஜலத்தினாலான ஜயஸ்தம்பம் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு வர்ணிக்கிறது. இன்று பொன்னேரி என்றும் அதற்குப் பெயர்.

அத்தகைய ஏரிக்கரையில் கலாசாலை ஒன்று எழுப்புவதானால் அது எப்படி இருக்க வேண்டும்? இது மனக்கோட்டைதான். ஆனால் மனக்கோட்டைக்கும் அஸ்திவாரம் சரியாயிருக்க வேண்டாமா?

முதல் விதி: கட்டடம் ஏரியின் அருகில் இருக்கலாம், ஏரிக்குள் இருக்கலாகாது. கோடையில் வறண்டு கிடக்கும் தரையைப் பார்த்து மனை அளக்கக்கூடாது. நிறைந்த ஏரியின் நீர்மட்டத்தைப் பார்த்து அளக்க வேண்டும். வரத்துக் கால்வாயும் கலங்கலும் அணுவளவும் அடைபடலாகாது. சென்னையில் மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்து 1920-களில் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். ஏரி போயிற்று, ஆனால் மழைக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. இன்றும் அது பழைய விலாசத்தைத் தேடி வந்துகொண்டிருக்கிறது.

இரண்டாவது, வெயில். கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கட்டும்; மேற்குச் சுவர் குறுகியிருக்கட்டும். அகன்ற தாழ்வாரமும் எதிரெதிர் ஜன்னல்களும் இருந்தால் மின்விசிறிக்குப் பாதி வேலை குறையும்.

மூன்றாவது, சிமெண்டு. அரியலூர் சுண்ணாம்புக் கல்லுக்கும் சிமெண்டு ஆலைகளுக்கும் பேர்போன சீமை. அங்கே சிமெண்டைச் சிக்கனமாகச் செலவிடுங்கள் என்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத் தோன்றலாம். ஆனால் சுத்தமான சுண்ணாம்புக் கல் 100 கிலோவைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடுகிறது. சூளைக்கு எரித்த கரியின் புகை வேறு. ஆகையால் அவசியமான இடத்துக்கு மட்டும் சிமெண்டு. மற்ற இடங்களுக்குச் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் போதும்.

நான்காவது, நீர். 1,000 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லட்சம் லிட்டர். அதைத் தொட்டியில் சேர்க்க வேண்டும். விடுதியின் கழிவுநீர் சுத்திசெய்யப்பட்டுத் தோட்டத்துக்குப் போகட்டும். ஏரிக்கு ஒரு சொட்டும் போகலாகாது.

இவை யாவும் கணக்குக்கு அடங்கியவை. கணக்குக்கு அடங்காத பாடமும் ஒன்று அவ்வூரிலேயே இருக்கிறது. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கங்கைகொண்டசோழபுரம் கோயிலின் கல்மதிலைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். ஊரார் தடுத்துப் பார்த்தார்கள், தண்டனைதான் கிடைத்தது. பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் நிறைவேறவில்லை. கீழணையால் வீராணத்துக்கு நீர் பாய்கிறது, வயல்கள் விளைகின்றன. அந்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. ஆயினும், கல்லின் கன அடியை அளந்தவர்கள் அதன் மதிப்பை அளக்க மறந்தார்கள்.

பிள்ளைகளை எஞ்சினீயரிங் கலாசாலையில் சேர்க்கப் போகும் பெற்றோர்கள் சம்பளம் எவ்வளவு, உத்தியோகம் கிடைக்குமா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். கூடவே இன்னொன்றும் விசாரிக்கட்டும்: கட்டடம் நிற்கும் இடத்தில் முன்பு என்ன இருந்தது? ஏரியைத் தூர்த்துக் கட்டிய கூடத்தில் இருந்துகொண்டு நீர்ப்பாசனம் போதிப்பவர் எவ்வளவு சாமர்த்தியசாலியானாலும், மாணாக்கன் கற்பது வாத்தியார் சொல்வதை அல்ல, சுவர் சொல்வதைத்தான்.