இசட் புள்ளியும் எம் பிள்ளைகளும்

உயர்தரப் பெறுபேறு வெளியாகிவிட்டால், மூன்று 'ஏ' பெற்ற பிள்ளைக்கும் மருத்துவபீடம் கிட்டாதோவென வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் ஏங்குகின்றன.

1971இல் மருத்துவத்துக்குத் தமிழ் மாணவருக்கு 250 புள்ளியும் சிங்கள மாணவருக்கு 229 புள்ளியும் விதித்த அநீதியை நாம் மறந்தோமல்லோம். இன்றைய மாவட்டப் பங்கீடு அதுவன்று. மருத்துவத்தில் நூற்றுக்கு 40 இடம் தீவு முழுவதற்குமான திறமைக்கு; 55 மாவட்டங்களுக்கு; 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்பில் தமிழ்ப் பிள்ளையைத் தடுக்கும் வரம்பு சிங்களப் பிள்ளையையும் தடுக்கின்றது. முல்லைத்தீவு உழவன் மகளுக்கோ அதுவே வாயிலைத் திறக்கின்றது. அவ்வாயிலை அடைக்குமாறு நாம் கோரோம்.

கணக்கு நேர்மையாயிருத்தல் வேண்டும். பழைய, புதிய பாடத்திட்டத்தாரை ஒன்றாய்க் கலந்து கணித்த 2011ஆம் ஆண்டுப் பரீட்சையின் இசட் புள்ளிகளை 2012இல் உயர் நீதிமன்றமே தள்ளிவிட்டதன்றோ? ஆண்டுதோறும் கணிப்பு முறையைப் பெறுபேற்றுடனேயே தமிழிலும் விளக்கி வெளியிடுக!