கரியர் இல்லாத சைக்கிளில என்ன பயணம்?

ஏ9 வீதியால கண்டிமட்டும் சைக்கிளில போக, முதல்ல லட்சக்கணக்கில காபன் ரேஸ் சைக்கிள் வாங்கவேணுமாம். கம்பஸில இதைக் கேட்டே பயணத்தைக் கைவிட்டவை இருக்கினம். சுத்தப் பேய்க்கதை!

ரேஸ் சைக்கிள் சுமையில்லாமல் ஓடச் செய்தது. பலதில கரியர் பூட்ட ஓட்டையே கிடையாது. பிறகு உடுப்பு, தண்ணி எல்லாம் முதுகிலதான், நாரி முறியும். அதே பாரத்தைக் கரியரின் இரண்டு பக்கமும் தாழ்வாகக் கட்டினால் சைக்கிள் ஆடாது. இரும்புச் சட்டம் பாரம்தான், ஒத்துக்கொள்ளுறன். ஆனால் வெடிச்சால் வழியில ஒரு வெல்டிங் கடை போதும். காபன் வெடிச்சால் எங்க போவியள்?

தொண்ணூறுகளில, பொருளாதாரத் தடைக்குள்ள, விறகும் அரிசி மூட்டையும் நோயாளியும் யாழ்ப்பாணத்தில கரியரிலதான் போனது. சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோவும் கேட்டவை. அந்த வீட்டுப் பிள்ளையளிட்டயா "உன்ர சைக்கிள் சரிவராது" எண்டு சொல்லுறது?

காசை வேற இடத்தில போடுங்கோ. பின் சில்லுக் கோட்டம் எடுத்துக் கம்பியளை இறுக்குங்கோ. புது ரயர், புதுப் பிறேக் கட்டை. தம்புள்ளை தாண்ட ஏற்றம் வரும், அதுக்குப் பெரிய பிறீவீல். இரண்டு ரியூப், சொலூசன், பம். மிச்சக் காசுக்கு வழியில இளநி குடியுங்கோ.