கண்ணாடி அலமாரியில் ஒரு புத்தகம்

கிறிஸ்தவக் குடும்பங்களில் கல்யாணத்தன்று மணமக்களுக்கு ஒரு வேதப்புத்தகம் கொடுப்பது வழக்கம். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். சற்று எழுந்து போய் அதைப் பார்த்துவிட்டு வாருங்களேன்!

பார்த்தீர்களா? முதல் பக்கத்தில் குழந்தைகளின் பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, நடுவில் ஒரு காய்ந்த ரோஜா இதழ், பழைய ரசீது ஒன்று. தங்க விளிம்பு மட்டும் கலையாமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் இந்த வாரம் உங்களோடுதான் பேச வந்திருக்கிறேன்.

"ஞாயிற்றுக்கிழமை கோவிலில் வாசிக்கிறார்கள். ஐயர் பிரசங்கத்தில் விளக்குகிறார். அடுப்பங்கரைக்கும் ஆபீசுக்கும் ஓடுகிற நான் தனியாக வேறு உட்கார்ந்து படிக்க வேண்டுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பதிலுக்கு என் பக்கத்து வீட்டு அக்காளின் கதையைச் சொல்கிறேன்.

அக்காளின் தாயார் ஊரில் படுத்த படுக்கையாக இருந்தார். பத்து நாள் போய்ப் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்று அக்காள் கேட்டாள். வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. வாக்குவாதம் முற்றியபோது, "மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று வேதத்திலேயே எழுதியிருக்கிறது" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். வேதம் என்று சொன்ன பிறகு எதிர்த்துப் பேச முடியுமா? அக்காள் அழுதாள். அழுது முடித்ததும், எங்கேதான் அப்படி எழுதியிருக்கிறது என்று தேடினாள்.

எபேசியர் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் இருந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது மனைவிக்குச் சொன்ன மூன்று வசனங்கள். அதற்கு முந்தின வசனம், எல்லோருமே ஒருவருக்கொருவர் பணிந்து நடக்கும்படி சொல்கிறது. அடுத்து வருவது புருஷனுக்கு. அந்தப் பகுதி மனைவிக்குச் சொன்னதைப் போல் இரண்டு பங்குக்கு மேல் இருக்கிறது! கிறிஸ்து தம் சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோல் மனைவியை நேசிக்க வேண்டும். தன் உடம்பைப் பேணுவதுபோல் அவளைப் பேண வேண்டும் என்று அதில் இருக்கிறது. மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இன்னொன்றும் கண்டாள். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் காணிக்கை என்று பேர் சொல்லித் தட்டிக் கழித்தவர்களை இயேசு அங்கே கடிந்துகொள்கிறார்.

மறுநாள் காலை காப்பியோடு அந்தப் பக்கத்தையும் திறந்து வைத்தாள். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் வீடு ஊமையாக இருந்தது. மூன்றாம் நாள், "எத்தனை மணி பஸ்ஸுக்குப் போகிறாய்?" என்று கேட்டார்.

கதை இதோடு முடிந்தால், புருஷனை மடக்குவதற்கு நல்ல ஆயுதம் கிடைத்தது என்று நினைத்துக்கொள்வீர்கள். அக்காள் பிறகு சொன்னதையும் கேளுங்கள்: "அவருக்காகத் தேடிக்கொண்டு போனேனா? முந்தின அதிகாரம் என்னைப் பிடித்துக்கொண்டது. பொழுது சாயும் வரை கோபத்தை வைத்திராதே என்று இருக்கிறது. நாத்தனாரோடு நான் பேசி ஒரு வருஷம் ஆகிறது!" ஊரிலிருந்து திரும்பி வந்ததும், முதல் வேலையாக நாத்தனார் வீட்டுக்குப் போனாள்.

படிப்பதன் முதல் பலன் இதுதான். ஒரு வரியை மட்டும் பிய்த்து எடுத்தால் அது பிறர் மேல் எறிகிற கல். முழுவதையும் படித்தால் அது நம் முகத்தைக் காட்டுகிற கண்ணாடி. யாக்கோபின் நிருபமும் இந்தக் கண்ணாடி உவமையைத்தான் சொல்கிறது.

இரண்டாவது பலன், சரியான ஆறுதல். புது வருஷத்தில் வாக்குத்தத்த அட்டை எடுப்பீர்கள் அல்லவா? எரேமியா 29-ஆம் அதிகாரத்து வசனம் ஒன்று அதில் அடிக்கடி வரும். உங்களைப் பற்றி நான் கொண்டிருப்பது சமாதானத்துக்கான எண்ணங்களே என்று கடவுள் சொல்கிற வசனம். அதை எடுத்தவள், இந்த வருஷமே பெண்ணுக்கு வரன் கூடிவிடும் என்று நம்புகிறாள். கூடாவிட்டால் மனம் உடைந்துபோகிறாள். ஆனால் அந்த அதிகாரம் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், திரும்பி வர 70 வருஷம் ஆகும் என்கிறது அது! கடவுள் மறக்கவில்லை, ஆனால் அவசரப்படவும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டவளின் நம்பிக்கை டிசம்பர் மாதத்தில் உடைந்துபோகாது.

மூன்றாவது பலன், பிறர் சொல்வதை நிறுத்துப் பார்க்கிற தைரியம். மகதலேனா மரியாளை நடத்தை கெட்டவள் என்றே நாம் கேள்விப்பட்டு வளர்ந்தோம். நான்கு சுவிசேஷங்களையும் புரட்டிப் பாருங்கள்; அப்படி ஒரு வார்த்தை கிடையாது. ஏழு பேய்களிலிருந்து விடுதலை பெற்றவள், தன் சொந்தப் பொருளைக் கொண்டு இயேசுவின் ஊழியத்துக்கு உதவியவர்களில் ஒருத்தி, சிலுவையருகே நின்றவள், உயிர்த்தெழுந்தவரைக் கண்டு சீஷர்களிடம் போய்ச் சொன்னவள் என்றுதான் இருக்கிறது. லூக்கா ஏழாம் அதிகாரத்தில் பெயர் சொல்லாமல் வரும் பாவியான பெண்ணும் இவளும் ஒருத்தியே என்று போப் கிரகோரி 591-இல் பிரசங்கம் செய்தார். மேற்குத் திருச்சபையில் அந்தப் பழி நூற்றாண்டுக் கணக்கில் ஒட்டிக்கொண்டது. படிக்காமல் கேட்டதையே திருப்பிச் சொன்னால், நல்ல பெண் ஒருத்தியின் பேர் எப்படிக் கெடுகிறது பார்த்தீர்களா?

இப்படிச் சோதித்துப் பார்ப்பது குருவானவருக்கு மரியாதைக் குறைவு என்று பயப்பட வேண்டாம். பவுல் அப்போஸ்தலர் பெரேயா பட்டணத்தில் பிரசங்கித்தபோது, அந்த ஊரார் அவர் சொன்னது சரிதானா என்று தினந்தோறும் வேதத்தைப் பார்த்தார்கள். அப்போஸ்தலருடைய நடபடிகள் 17-ஆம் அதிகாரம் அவர்களை மெச்சுகிறது. அங்கே விசுவாசித்தவர்களில் கனம்பொருந்திய பெண்களும் இருந்தார்கள்.

வேதப் படிப்பில் பெண்களுக்கு என்றுமே இடம் உண்டு. தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முதலில் இருந்தது என்று பவுல் எழுதுகிறார். ரோமாபுரிச் சீமாட்டி பவுலா, விதவையான பிறகு பெத்லகேமுக்குப் போய், வேதத்தை மூலத்திலேயே படிப்பதற்காக எபிரெய மொழி கற்றுக்கொண்டாள். ஜெரோம் தம் வேத வேலைகளைச் செய்ய உதவியவளும் அவள்தான். 404-இல் அவள் காலமானாள்.

நமக்கோ அவ்வளவு சிரமம் இல்லை. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து, 1715-க்குள் அதை அச்சிட்டும் முடித்துவிட்டார். இந்திய மொழிகளில் அச்சான முதல் புதிய ஏற்பாடு நம் தமிழில்தான்! கத்தோலிக்கச் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை: விசுவாசிகள் எல்லோரும் அடிக்கடி வேதம் வாசிக்க வேண்டும் என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வற்புறுத்தியிருக்கிறது.

எப்படித் தொடங்குவது? ஆதியாகமத்தில் உற்சாகமாக ஆரம்பித்து லேவியராகமத்தில் நின்றுபோகிறவர்கள் அநேகர். அந்தத் தவறைச் செய்யாதீர்கள். லூக்கா சுவிசேஷத்தில் 24 அதிகாரங்கள். டிசம்பர் முதல் தேதி தொடங்கி நாளைக்கு ஒன்றாகப் படித்தால், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் முடிந்துவிடும். சின்னதாக வேண்டுமானால் ரூத்தின் சரித்திரம் நாலே அதிகாரம். மாமியாரும் மருமகளும் சேர்ந்து படிக்க ஏற்றது!

அரிசி உலையில் இருக்கும் நேரம் போதும். பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். இது யாருக்கு, எந்தச் சமயத்தில் எழுதியது? முன்னே என்ன இருக்கிறது, பின்னே என்ன இருக்கிறது? இன்று எனக்கு இதில் என்ன வேலை இருக்கிறது? இந்த மூன்று கேள்விகள் போதும். புரியாததைக் குறித்து வைத்து, தெரிந்தவர்களிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

அக்காள் வீட்டுப் புத்தகத்தில் இப்போது தங்க விளிம்பு இல்லை. எபேசியர் பக்கத்தில் ஒரு காப்பிக் கறை இருக்கிறது. அது யார் கைபட்டு வந்தது என்று கேட்டேன்.

"அவர்தான்!" என்று சொல்லிச் சிரித்தாள்.