பொதுக் குளிர்ப்பெட்டி

விடுதி வாழ்க்கையைப் பற்றி எழுதப் புகுவோர் நட்பின் இனிமையையும் நள்ளிரவுப் படிப்பையும் பாராட்டி எழுதுதல் வழக்கம். யான் எடுத்துக்கொண்ட பொருள் அத்துணை உயர்ந்ததன்று. உணவுச்சாலையின் மூலையில் நின்று முணுமுணுக்கும் குளிர்ப்பெட்டியைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றேன். நகைப்பார் நகைக்க. ஐம்பதின்மர் ஒரு பெட்டியைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையிலே அவ்வைம்பதின்மரின் கல்வி ஒருவாறு அளக்கப்படுகின்றது என்பது என் துணிபு.

தண்மை என்பது நம் நாட்டில் ஒருகாலத்துச் செல்வர்க்கே உரிய பொருளாயிருந்தது. அமெரிக்க நாட்டு ஏரிகளில் வெட்டியெடுத்த பனிக்கட்டியை ஃபிரெடரிக் டியூடர் என்னும் வணிகர் 1833-ஆம் ஆண்டிற் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அவ்வாறு வந்த பனிக்கட்டியைச் சென்னையிற் சேமித்து வைத்த ஐஸ் ஹவுஸ், விவேகானந்தர் இல்லமென்னும் பெயருடன் இன்றும் கடற்கரையில் நிற்கின்றது. அக்கடல் கடந்த குளிர்ச்சி இஞ்ஞான்று கதவொன்றைத் திறந்த மாத்திரத்தே நமக்குக் கிட்டுகின்றது. எளிதிற் கிடைத்தமையாற் போலும், அதன் இயல்பை அறிய நாம் முயன்றிலோம்.

குளிர் கிருமிகளைக் கொல்லுமென்று பலர் எண்ணுகின்றனர். அஃது அவற்றின் பெருக்கத்தைத் தாமதிக்கச் செய்யுமேயன்றிக் கொல்லாது. லிஸ்டீரியா என்னும் நுண்ணுயிரோ குளிர்ப்பெட்டியினுள்ளும் பெருக வல்லது. சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்பதன் வித்துக்கள் கொதிநீரிலும் அழியா. பகலெல்லாம் வெளியே கிடந்த சோற்றை இரவில் உள்ளே வைத்து மறுநாட் சூடாக்கி உண்பவன், அது முன்னரே உண்டாக்கிய நஞ்சை உண்ணவும் கூடும். சமைத்த உணவுக்கு நான்கு நாளே எல்லை. நம் பெட்டிகளிலோ தேர்வுக்கு முன் வைத்த குழம்பு தேர்வு முடிவு வெளியாகும்வரை வீற்றிருக்கின்றது.

இதனினும் கொடியதொன்றுண்டு. நீரிழிவுடைய மாணாக்கர் சிலர் இன்சுலின் மருந்தை அப்பெட்டியிலேயே வைக்கின்றனர். திறவாத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பத்தில் இருத்தல் வேண்டும். உறைந்துவிடின் அது பயன்படாது. தன் குளிர்பானப் புட்டிக்கு இடந்தேடும் ஒருவன் அம்மருந்தைப் பனி படியும் பின்சுவரோடு நெருக்கித் தள்ளுவானாயின், அவன் செய்தது இன்னதென்று அவனே அறியான். மருந்துக்குடையவனும் அறியான், அவன் உடலே அறியும்.

இனி, இப்பெட்டியைக் கழுவுவார் யார்? துப்புரவுப் பணி செய்யும் அம்மையாரே. வைத்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு அகல, பூஞ்சை படர்ந்த சாம்பாரை அவர் வெறுங்கையால் வழித்தெடுக்கின்றார். கட்டணம் செலுத்துகின்றோமே என்பர் சிலர். தான் அழுகவிட்டதைப் பிறர் கையாற் களையும் உரிமையைக் கட்டணம் எவர்க்கும் விற்கவில்லை. அழுக்கை ஆக்குவோர் ஒரு சாரார், அகற்றுவோர் மற்றொரு சாரார் என்று பிறப்பினாற் பகுத்த பழங்கொடுமையைப் பேச்சுப் போட்டிகளிற் சாடிப் பரிசு பெறும் நாம், உணவுச்சாலைக்கு வந்ததும் அதனையே பேணுகின்றோம்.

புலால் உணவைப் பொதுப்பெட்டியில் வைக்கலாகாதென்று வாதிப்போரும் உளர். பச்சை இறைச்சியின் நீர் பிற உணவிற் சொட்டாதவாறு மூடிக் கீழ்த்தட்டில் வைக்க வேண்டுமென்பது சுகாதாரம். கருவாட்டுக் குழம்பின் மணம் பாலில் ஏறாதபடி இறுக மூட வேண்டுமென்பது மரியாதை. இவ்விரண்டுக்கும் மேலே கேட்பது தூய்மையைப் பற்றியதன்று; வைத்தவன் இன்னானென்று அறியும் ஆவலே அது. பிறன் டப்பாவைத் திறந்து உண்ணுதலை 'நட்பு' என்று பெயரிட்டு அழைப்போர்க்கு யான் ஒன்றும் கூறுவதற்கில்லை. ஒருவன் பசித்திருக்க மற்றொருவன் முந்தி உண்டதற்காகக் கொரிந்து சபையாரைப் பவுல் கடிந்தெழுதியதை அவர்கள் ஞாயிறுதோறும் கேட்டிருப்பர்.

பூட்டிட்டுத் திறவுகோலை விடுதிக் காப்பாளரிடம் ஒப்புவிக்க வேண்டுமென்பது சிலர் கருத்து. யான் உடன்படேன். பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவனும் தன் மந்தையையே பெருக்க, ஈற்றிற் புல் அற்றுப்போமென்று காரெட் ஹார்டின் 1968-இல் எழுதினார். எலினார் ஆஸ்ட்ரம் அம்மையாரோ சுவிட்சர்லாந்து நாட்டு மலைப்புல்வெளிகளையும் ஸ்பெயின் நாட்டு வாய்க்கால்களையும் ஆராய்ந்து, பயன்கொள்வோர் தாமே விதி வகுத்துத் தாமே கண்காணிப்பின் பொதுப்பொருள் நிலைபெறுமென்று காட்டினார். 2009-இல் நோபெல் பரிசும் பெற்றார். குடிமராமத்தால் ஏரிகளைக் காத்த நம் ஊரார்க்கு இது புதுமையன்று.

ஆதலின் ஒவ்வொரு பாத்திரத்தின் மேலும் பெயரும் நாளும் ஒட்டப்படுக. நடுத்தட்டில் ஒரு பெட்டி மருந்துக்கென்றே ஒதுக்கப்படுக. அதனை உரியவரன்றிப் பிறர் தொடலாகாது. சனிக்கிழமை இரவு இருவர் முறைவைத்துப் பெட்டியை ஒழித்துக் கழுவுக. பெயரில்லாதனவும் நாட்கடந்தனவும் குப்பைக்குச் செல்க. முறைப்பட்டியலில் மூன்றாமாண்டு மாணவர் பெயர்களையே முதலில் எழுதுதல் வேண்டும். முதலாமாண்டினரிடமிருந்து தொடங்கும் பட்டியல் மூன்றாமாண்டினரை ஒருபோதும் எட்டுவதில்லை.