கிபிரும் ஹைதராபாத்தும்

பழனிப் பாதையும் வத்தலக்குண்டுப் பாதையும் பெருமாள்மலையில் ஒன்றுசேர்ந்து கொடைக்கானலுக்கு ஏறுகின்றன. ஊரைத் தாண்டினால் வட்டக்கானல். கட்டாய ராணுவ சேவை முடித்த இஸ்ரேலிய இளைஞர்கள் பல வருஷங்களாக வந்து தங்கும் இடம். காஸாவை நினைத்து அவர்கள்மீது தார்மீகக் கோபம் கொள்வது சுலபம், செலவில்லாதது. ஆனால் இந்த மலைக்கு வருகிறவனைவிட, நம் தேசத்திலிருந்து அவன் ராணுவத்துக்குப் போகும் சாமான்தான் நம்முடைய விஷயம்.

அதானி குழுமமும் இஸ்ரேலின் எல்பிட் நிறுவனமும் கூட்டாக, ஆளில்லா விமானத் தொழிற்சாலை ஒன்றை 2018 டிசம்பரில் ஹைதராபாத்தில் திறந்தன. அங்கே உருவான ஹெர்மெஸ் 900 விமானங்கள் இருபதுக்கு மேல் இஸ்ரேலுக்குப் போனதாக 2024 பிப்ரவரியில் செய்தி வந்தது. இஸ்ரேலுக்கான ஆயுத ஏற்றுமதி உரிமங்களை நிறுத்தக் கோரிய மனுவை அதே வருஷம் செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வெளியுறவு அரசின் காரியமாம். நிறுத்தினால் நிறுவனங்கள் ஒப்பந்தத்தை மீறியதாகுமாம்.

இந்த நியாயம் தமிழனுக்குப் புதிதல்ல. 1996 முதல் வன்னியின் மேல் பறந்து குண்டுபோட்ட கிபிர் விமானங்கள் இஸ்ரேல் விற்றவை. அங்கேயும் ஒப்பந்தம் இருந்தது, ஒழுங்காக நிறைவேறியது. அந்தப் பெயரைச் சொன்னால் பதுங்குகுழியை நினைக்கும் ஒரு தலைமுறை இன்றும் இருக்கிறது. முள்ளிவாய்க்காலைப் பற்றி நாம் எழுதிய கவிதைகள் கொஞ்சமல்ல. விற்றவனைச் சபித்த அதே பேனா, விற்கிறவன் நம்மவன் ஆனதும் ஏன் உலர்ந்து போகிறது? அப்படியானால் நாம் துக்கப்பட்டது கொலைக்காக அல்ல, கொல்லப்பட்டவர் நம்மவர் என்பதற்காக மட்டும்தான்.

நாம் விற்காவிட்டால் வேறொருவன் விற்பான் என்கிறார்கள். கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவனும் இதைத்தான் சொல்கிறான். அவனை யாரும் ராஜதந்திரி என்பதில்லை. தேச நலன் என்கிறார்கள். 2017இல் ரோஹிங்யாக்களை ஊரைக் கொளுத்தித் துரத்தியது மியான்மர் ராணுவம். 2020இல் அதன் கடற்படைக்கு சிந்துவீர் நீர்மூழ்கிக் கப்பலை இந்தியா கொடுத்தது. 2013இல் ஐ.நா. பொதுச்சபை ஆயுத வர்த்தக உடன்படிக்கையை 154 வாக்குகளில் நிறைவேற்றியபோது இந்தியா ஓட்டளிக்காமல் ஒதுங்கிற்று, இன்றுவரை கையெழுத்திடவில்லை. 2024-25இல் 23,622 கோடி ரூபாய்க்கு நடந்த இந்த வியாபாரத்துக்குப் பெயர் 'பாதுகாப்பு ஏற்றுமதி'. யாருக்குப் பாதுகாப்பு என்ற எளிய கேள்வியை அந்தச் சொற்சேர்க்கையிடம் கேட்க வேண்டியவன் எழுத்தாளன். வார்த்தையைத் தொழிலாகக் கொண்டவன் இதைக்கூடக் கேட்கவில்லையென்றால் அவனுடைய படிமமும் தொனியும் எதற்கு?

கேட்டவர்கள் வேறு ஆட்கள். பாலஸ்தீனப் போருக்கான ஆயுதச் சரக்கை ஏற்றவோ இறக்கவோ மாட்டோம் என்று 2024 பிப்ரவரியில் இந்திய நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் அறிவித்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனுக்குத் தன் வேலைக்கும் ஒரு சாவுக்கும் உள்ள தொடர்பு தெரிந்திருக்கிறது. நம்மிடம் தூக்க மறுக்கச் சரக்கு ஏதுமில்லை. ஆனால் சில நூறு பிரதிகள் அச்சாகும் பத்திரிகைகள் இருக்கின்றன. குடிமக்களைக் கொல்லும் அரசுகளுக்கு ஆயுதம் விற்காதே, இதுவரை யாருக்கு என்ன விற்றாய் என்ற கணக்கை வெளியிடு, உடன்படிக்கையில் கையெழுத்திடு என்று அவற்றில் எழுதலாம். பெயர் போட்டு எழுதலாம்.