பழைய பிக்கப் வாங்கலாமா?

3 இலட்சம் கிலோமீற்றர் ஓடிய பிக்கப்பை வாங்கலாமா என நம்மிடம் வினவும் தோட்டக்காரக் குடும்பங்கள் பல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வண்டிகளின் விலை மிக ஏறிற்று. 2025 பெப்ரவரியில் தடை நீங்கியும், வரிச்சுமையால் புது வண்டி பலருக்கு எட்டாக்கனியே. வீட்டுப் பெண்களின் நகை அடகுக்குப் போகும் காரியமாதலால், பதறாது ஆராய்தல் வேண்டும்.

மீற்றரின் இலக்கத்தை மாத்திரம் நம்பலாகாது. அதனைப் பின்னோக்கித் திருப்ப வல்லார் உளர். மிதிகளின் றப்பர்த் தேய்வையும் பாருங்கள். எஞ்சின் நன்கு ஆறியிருக்கும் காலை வேளையில் இயக்கிப் பாருங்கள். நீலப் புகை ஓயாது வந்தால் ஒயில் எரிகின்றது என்பது பொருள். கடலோரத்தில் ஓடிய வண்டியாயின், அடியிற் குனிந்து சேசிஸின் துருவை நோக்குக. சேசிஸ் இலக்கம் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருத்தல் அவசியம்.

காலந்தவறாது ஒயில் மாற்றப்பட்ட நல்ல டீசல் எஞ்சின் 3 இலட்சம் கடந்தும் உழைக்கும். கவனிப்பாரற்றது 1 இலட்சத்திலேயே முடங்கக்கூடும். ஆதலால் ஓடிய தூரத்தினும் பேணிய விதமே பெரிது. கைப்பணம் முழுவதையும் விலையாகக் கொடாது, திருத்த வேலைக்கென ஒரு பங்கை ஒதுக்க இயலுமாயின் வாங்குக. இயலாதாயின், வாடகை வண்டியே இலாபம் என்போம் நாம்.