உப்புக்குள் ஒளிந்த வெயில்

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. வெயிலில் வைத்தால் உருகிவிடும். உருகுவதற்காக வாங்கிக்கொண்ட சூடு எங்கே போயிற்று? எண்ணெய்க்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது, சகோதரிகளே! மறுபடி உறையும்போது அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிடும்.

இந்தச் சங்கதியை நம்பி மூன்று பெண்கள் ஒரு வீடே கட்டினார்கள், தெரியுமோ? 1948-ல், அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து டோவர் என்ற ஊரில். யோசனை, ஹங்கேரியில் பிறந்த விஞ்ஞானி மரியா டெல்கெஸுடையது. வீட்டுக்கு பிளான் போட்டவர் எலினார் ரேமண்ட். பணம் கொடுத்தவர் சிற்பி அமெலியா பீபாடி.

பனி கொட்டும் ஊர் அது. மாடியில் தெற்குப் பார்த்து வரிசையாகக் கண்ணாடி. அங்கே சூடான காற்றை விசிறி வைத்துக் கீழே உப்பு டப்பாக்களின் மேல் செலுத்தினார்கள். சுமார் 21 டன் கிளாபர் உப்பு! (ஒரு காலத்தில் பேதி மருந்தாகக் கொடுத்த உப்புதான்.) 32 டிகிரியில் உருகும். ஒரு கிலோ உப்பு உருக வாங்கும் சூடு, ஒரு கிலோ தண்ணீரை 60 டிகிரி உயர்த்தப் போதும். ராத்திரி உறையும்போது அந்தச் சூடெல்லாம் அறைக்கு வந்துவிடும்.

முதலில் நன்றாகத்தான் நடந்தது. பிறகு தகராறு. உருகும்போது உப்பில் ஒரு பங்கு கரையாமல், காபி டம்ளர் அடியில் சர்க்கரை தங்குமே, அப்படித் தங்கிவிட்டது. மறுபடி சேராத உப்பு சூட்டைத் தராது. டப்பாக்களும் அரித்துப் போயின. சில வருஷங்களில் எண்ணெயில் எரியும் கணப்பு வைக்க வேண்டியதாயிற்று. டெல்கெஸ் லேசில் விடுகிறவர் இல்லை. உறையாமல் முரண்டு பிடிக்கும் உப்பைத் துளி வெங்காரம் வழிக்குக் கொண்டுவரும் என்று கண்டு சொன்னார்.

மெழுகுக்கு இந்தப் பிரியும் குணம் கிடையாது. குறைமாதக் குழந்தைகளுக்காக, 37 டிகிரியை ஒட்டி உறையும் மெழுகுப் பையை ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 2007-ல் யோசித்தார்கள். நம் வீடுகளில் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைப்பார்கள். அது முதலில் பிஞ்சுத் தோலைச் சுடும், அப்புறம் ஜில்லென்று ஆகிவிடும். மெழுகோ உறைந்து முடியும்வரை ஒரே சூடு. கரண்ட் இல்லாமலே நாலு மணி நேரம் தாங்கும். ஆனாலும் தாயின் மார்போடு அணைத்துக்கொள்ள முடியாத வேளைக்குத்தான், அதுவும் டாக்டர் சொன்னால்தான், இந்தப் பை.